ரெண்டும் ஒண்ணுதான் சார்

ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், கடைசியில் இரண்டு ஆஃப் ஒயிட் மிஞ்சின. "ரெண்டும் ஒண்ணுதான் சார், எதையாவது சொல்லுங்க" என்றார் பெயிண்டர். கார்டில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடி கலந்த பேஸ் இரண்டுக்கும் பொது. அதில் கடைக்கார மெஷின் விடும் மஞ்சள், கறுப்பு, சிவப்பு சாயங்களில் எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசமே. ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் நான்கு சுவருக்கும் அடித்தபின் அந்தக் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

எப்படி? ஒரு ஷேடு தன்மேல் விழும் மஞ்சள் ஒளியில் 80 சதவீதத்தையும் நீல ஒளியில் 75 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். கையிலிருக்கும் கார்டில் ஒளி ஒருமுறை பட்டுக் கண்ணுக்கு வந்துவிடும். அறையில் அப்படி இல்லை, ஜன்னல் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து பக்கத்துச் சுவரில் மோதி அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. மூன்று முறை பட்டால் மஞ்சளில் மிஞ்சுவது 51, நீலத்தில் 42. கார்டில் இருந்ததைவிட வீட்டில் நிறம் அழுத்தமாகத் தெரிவது இதனால்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

அடுத்தது விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்: பகல் வெளிச்சம் சுமார் 6500 கெல்வின், மஞ்சள் எல்இடி 2700. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்றே வகை என்பதால், வேறு வேறு சாயம் கலந்த இரண்டு பெயிண்ட் ஒரு விளக்கில் அச்சு அசலாக ஒன்றுபோலவும் இன்னொன்றில் தனித்தனியாகவும் தெரியலாம். கடையின் டியூப்லைட்டை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது வம்புதான்.

எங்களை ஏமாற்றியது மூன்றாவது ஆள்: பழைய சுவர். பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். எங்கள் பழைய சுவர் இளம்பச்சை. பச்சைக்கு நடுவே எதை வைத்தாலும் கண் அதில் கொஞ்சம் ரோஸைச் சேர்த்துவிடும். பெயிண்டர் அந்தச் சுவரிலேயே இரண்டு திட்டு அடித்துக் காட்டியபோது, லேசாகப் பச்சையோடும் ஷேடுகூட நல்லபிள்ளையாகத்தான் தெரிந்தது.

அதனால் இரண்டு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, சுற்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டினேன். ஒரே நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைக்காமல், ஒவ்வொன்றாக ஜன்னலோரம், மூலை, ரெட் ஆக்சைடு தரைக்குப் பக்கத்தில், ராத்திரி விளக்கில் என்று இரண்டு நாள் சுற்ற வைத்தேன் (வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், பரவாயில்லை). இரண்டாவது நாள் காலையில் வந்த பெயிண்டர் ஓர் அட்டையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஆமா சார், இது பச்சையடிக்குது."