சைக்கிளுக்கான கார்பன் ஃப்ரேமை ஆன்லைனில் வாங்கி நீங்களே பூட்டப் போகிறீர்களா?

என் சைக்கிள் பட்டறைக்கு மறுபடியும் ஒரு ஸ்டியரர் குழாய், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்பகுதிக் குழாய். ஹேண்டில்பாரை அதோடு சேர்க்கும் ஸ்டெம்மைக் கழற்றியதும் குழாயைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்பட்டது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இழைகள் பிரிந்து நிற்கின்றன. கொண்டுவந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "பிரேக் பிடிச்சா முன்னாடி லேசா 'டிக்'னு ஒரு சத்தம் வருது. ஹெட்செட் பேரிங் போயிருக்கும், பாருங்க." (ஹெட்செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்.) அந்த ஃபோர்க்கை வைத்துக்கொண்டு அவர் மலை இறக்கங்களில் வேகமாக வந்திருக்கிறார். குழாயை அறுத்து உள்பக்கத்தைக் காட்டிய பிறகுதான் அவருக்கு முகம் வெளுத்தது.

இந்த மாதிரி கேஸ்கள் அடிக்கடி வருவதால்தான் இதை எழுதுகிறேன். விலை குறைந்த கார்பன் ஃப்ரேம் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட மலிவான ஃப்ரேம்களை நானே பூட்டிக் கொடுத்திருக்கிறேன், அவை வருடக்கணக்கில் ஓடுகின்றன. என் ஆதங்கம் வேறு. முழு பைக்காக வாங்கும்போது அளவு சரியா, எடையைத் தாங்குமா, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் பார்க்க அந்தக் கம்பெனியில் ஆள் இருப்பார். தனி ஃப்ரேமாக மலிவாக வாங்கும்போது அந்த வேலை முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. அதைச் செய்யாமல் பெட்டியைப் பிரித்ததும் ஆலன் கீயை எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

"எல்லாம் ஒரே ஃபாக்டரிதானே அண்ணா?"

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. இதில் பாதி உண்மை. கார்பன் ஃப்ரேம்களில் பெரும்பாலானவை சீனாவிலும் தைவானிலும்தான் தயாராகின்றன. ஒரே தொழிற்சாலை பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பதும் உண்டு. அங்கிருந்து "அப்படின்னா பெயிண்ட்டும் ஸ்டிக்கரும்தான் வித்தியாசம்" என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். அதுதான் தப்பு.

மோல்டு (அச்சு) என்பது ஃப்ரேமின் வெளி உருவத்தை மட்டும்தான் தீர்மானிக்கிறது. பலம் எங்கிருந்து வருகிறது? ரெசின் என்ற பிசின் ஊறிய கார்பன் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதற்கான இடத்தில், அதற்கான கோணத்தில், கையால் அடுக்குகிறார்கள். இழை ஓடும் திசையில் கார்பன் அசாத்தியமாகத் தாங்கும். குறுக்கே நசுக்கினால் தாங்காது. அதனால் ஹெட் டியூப் (ஸ்டியரர் நுழையும் முன்குழாய்) பக்கம் எத்தனை அடுக்கு, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி எந்தக் கோணத்தில் எத்தனை துண்டு என்பதில்தான் ஒரு ஃப்ரேமின் உயிரே இருக்கிறது. ஒரே மோல்டில், ஒரே நாளில், ஒரே ஆட்கள் இரண்டு ஃப்ரேம் செய்யலாம். வெளியே இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கும். உள்ளே ஒன்றில் அடுக்குகள் குறைவாக இருக்கலாம், திசை மாறியிருக்கலாம், அழுத்தம் போதாமல் தாள் சுருங்கி மடிந்திருக்கலாம், நடுவே காற்றுக்குமிழி நின்றிருக்கலாம். உடைந்த ஃப்ரேம்களை அறுத்துப் பார்க்கும்போது, பாட்டம் பிராக்கெட் மூலையில் ரெசின் மட்டும் கட்டியாகத் தேங்கி, இழையே இல்லாத இடங்களைக் கண்டிருக்கிறேன். பெயிண்ட்டுக்கு மேலிருந்து பார்த்தால் எனக்கும் அது தெரியாது.

அப்புறம் சோதனை. எந்தத் தொழிற்சாலையிலும் சரியாக வராத ஃப்ரேம்கள் இருக்கும். அவற்றைப் பிடித்து ஒதுக்குவதற்குக் காசு கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி. ஆர்டர் கொடுத்தவர் கேட்ட அளவுக்குத்தான் சோதிப்பார்கள். ஃபாக்டரி ஒன்றுதான் என்பதால் சோதனையும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோகிறது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது 'டி1000' பேச்சு. டி700, டி800, டி1000 எல்லாம் ஜப்பானின் டோரே நிறுவனத்தின் கார்பன் இழை வகைகள். டி700 இழையின் இழுவிசை வலிமை 4,900 மெகாபாஸ்கல், டி1000க்கு 6,370. இவை தனி இழையின் எண்கள், ஃப்ரேமின் எண்கள் இல்லை. விறைப்பில் டி800, டி1000 இரண்டும் 294 ஜிகாபாஸ்கல்தான். ஒழுங்காக அடுக்கிய டி700 ஃப்ரேம், அவசரமாக அடுக்கிய டி1000 ஃப்ரேமைவிட எவ்வளவோ நம்பகமானது. மேலே தெரியும் கட்டம் போட்ட நெசவு பெரும்பாலும் அழகுக்காக ஒட்டிய அடுக்கு. விற்பவர் போட்டிருக்கும் எண் உள்ளே இருக்கும் இழையின் எண்தானா என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த எண்ணை வைத்து ஃப்ரேம் தேர்வு செய்யாதீர்கள்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்று ஒரு தர விதி இருக்கிறது. அதன் 6-ஆம் பகுதி ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் சோதிக்கும் முறையைச் சொல்கிறது. பெடல் மிதிக்கும் விசையை மாற்றி மாற்றி 1,00,000 முறை கொடுத்துப் பார்க்கும் சோதனை அதில் ஒன்று. நீங்கள் வாங்கும் மாடலின் பெயரோடு, ஃபோர்க்குக்கும் சேர்த்து, அந்தச் சோதனை அறிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் எடை வரம்பு என்ன, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்குவிசை), ஸ்டியரரில் எவ்வளவு உயரத்துக்கு ஸ்பேசர் வளையங்கள் வைக்கலாம், இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மழுப்புகிறார்களா? அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சொந்தப் பெயரில், தங்கள் சொந்த மோல்டில் செய்து விற்கும் ஃப்ரேம் வேறு. பெரிய பிராண்டின் பெயரை ஒட்டி அடிமாட்டு விலைக்கு வரும் போலி வேறு. போலிக்குப் பொறுப்பேற்க யாருமே இல்லை. தெரிந்து யார் கொண்டுவந்தாலும் நான் பூட்டித் தருவதில்லை. சண்டை போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

பெட்டியை வீசுவதற்கு முன்

ஒரு வெர்னியர் காலிபரும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டம் பிராக்கெட். பேரிங்கை அழுத்தி ஏற்றும் வகைகளில், பிபி86 என்றால் துளை 41 மி.மீ., பிஎஃப்30 என்றால் 46 மி.மீ. இரண்டு பக்கமும், காலிபரைத் திருப்பித் திருப்பி நாலைந்து கோணத்தில் அளந்து பாருங்கள். ஒரு கோணத்தில் ஒரு அளவும் இன்னொரு கோணத்தில் வேறு அளவும் வந்தால் துளை வட்டமாக இல்லை. பேரிங் உட்காராது, உட்கார்ந்தாலும் சத்தம் போட்டே கொல்லும். உடனே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். தயவுசெய்து சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள், எபாக்ஸி ஊற்றி நிரப்பாதீர்கள். பாகத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் "நீங்க யூஸ் பண்ணிட்டீங்க" என்று கைவிரித்துவிடுவார்கள். இதில் எனக்கு வரும் வேலையில் பாதி, பிறர் ஒட்டிய பசையைச் சுரண்டுவதுதான். வாங்கும்போதே தேர்வு செய்ய முடிந்தால் மரை போட்ட பாட்டம் பிராக்கெட் வகைகளான பிஎஸ்ஏ, டி47 எதையாவது எடுங்கள். செயின் பக்கத்து மரை இடது சுற்று, அதை மறந்து பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஹெட் டியூபுக்குள் டார்ச் அடியுங்கள். பேரிங் உட்காரும் விளிம்பில் ரெசின் துணுக்கோ பெயிண்ட்டோ திரண்டிருக்கக் கூடாது. பேரிங்கின் சாய்வு 36 டிகிரியா 45 டிகிரியா என்று பார்த்து வாங்குங்கள். வீலை மாட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா? டிஸ்க் பிரேக் ஃப்ரேம் என்றால் பிரேக் காலிப்பர் உட்காரும் தளம் மட்டமாக இருக்க வேண்டும். அங்கே போடும் போல்ட்டின் நீளம் செயின்ஸ்டேயின் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) தடிமனைப் பொறுத்து மாறும். கையில் இருந்ததைப் போட்டு இறுக்கி, இரண்டே மரையில் பிரேக் தொங்கிக்கொண்டிருந்த பைக்கையும் பார்த்தாயிற்று. டிரெய்லியர் ஹேங்கர் (பின்பக்கக் கியர் மாற்றி தொங்கும் சிறு துண்டு) ஒன்று உபரியாக ஃப்ரேமோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், பிறகு அந்த மாடலுக்குக் கிடைக்காமல் அலைவீர்கள்.

கியர், கேபிள், செயின் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை எந்த பைக்கிலும் ஒன்றுதான், தப்பாகப் பூட்டினால் கியர் சரியாக விழாது, அவ்வளவுதான். உயிர் போகும் இடம் வேறு.

ஸ்டியரர்

மேலே சொன்ன கேஸுக்கு வருகிறேன். அவர் குழாயை ஸ்பேசரின் விளிம்புக்குச் சரிமட்டமாக அறுத்திருந்தார். மேல் மூடி போல்ட்டை இறுக்கினால், மூடி கீழே ஸ்பேசரை அழுத்தாமல் குழாயின் தலையிலேயே முட்டி நின்றுவிடும். பேரிங்குக்கு அழுத்தம் போகாது, முன்பக்கம் ஆடும். ஆட்டம் போகவில்லை என்று அவர் ஸ்டெம் போல்ட்டுகளை இன்னும் இறுக்கினார். இன்னும் ஆடியது. இன்னும் இறுக்கினார். குழாய்க்குள் விரிந்து முட்டுக்கொடுக்க வேண்டிய விரிப்பு பிளக் குட்டையானது. அது ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் மட்டத்திலேயே நின்றுவிட்டது. ஆக, ஸ்டெம் இறுக்கிப் பிடித்தது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாயை. முட்டை ஓட்டைப் பிடித்து நசுக்குவதுபோலத்தான்.

சரியான முறை இதுதான். மேல் மூடி பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டும், ஃபோர்க்கைப் பிடித்து வைப்பது ஸ்டெம் போல்ட்டுகள். குழாயின் தலை, மேலே இருக்கும் ஸ்பேசரின் விளிம்பைவிட 2–3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். விரிப்பு பிளக், ஸ்டெம் பிடிக்கும் உயரம் முழுவதுக்கும் உள்ளிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும், அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். ஃப்ரேமோடு இலவசமாக வந்ததே போதும் என்று இருக்காதீர்கள். அலுமினியக் குழாயில் அடித்து ஏற்றும் நட்சத்திர நட்டைக் கார்பன் குழாயில் அடிக்கவே கூடாது, இழைகளைக் கிழித்துவிடும். மூடியை மெதுவாக இறுக்கி ஆட்டத்தை எடுங்கள், அதன் பிறகு ஸ்டெம்மை நேராக்கி போல்ட்டை இறுக்குங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

அறுப்பது எப்படி? முதலில் நீளமாகவே விடுங்கள், ஓட்டிப் பார்த்து உட்காரும் நிலை பிடிபட்ட பிறகு அறுக்கலாம். ஆனால் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போகக் கூடாது, பல தயாரிப்பாளர்கள் 30 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறார்கள். அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, வழிகாட்டிக் கருவியில் பிடித்து, நுண்பல் பிளேடால் அறுங்கள். முக்கால்வாசி போனதும் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள், இல்லையென்றால் கடைசி அடுக்கு பிய்ந்து வரும். மாஸ்க் இல்லாமல் அறுக்காதீர்கள். ஈரத் துணி வைத்துத் தூசியை அடக்குங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள்

"கையிலேயே தெரியும்" என்பவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள். ஸ்டெம்மிலும், சீட்டைத் தாங்கும் சீட்போஸ்டின் கிளாம்ப்பிலும் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்றுதான் எழுதியிருக்கும். நீளமான ஆலன் கீயில் அதைப்போல் இரண்டு மடங்கு போவது கைக்குத் தெரியவே தெரியாது. உங்கள் ஃப்ரேமில், ஸ்டெம்மில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, அதுவும் மேல் வரம்பு. இரண்டு பாகத்துக்கு இரண்டு எண் இருந்தால் சிறியதை எடுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் முகப்புத் தகட்டின் நான்கு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சீட்போஸ்ட் வழுக்கி இறங்கினால் இன்னும் இறுக்குவது தீர்வில்லை. கார்பன் பேஸ்ட் தடவுங்கள், அதில் உள்ள பொடி பிடிப்பைக் கூட்டும், குறைந்த டார்க்கிலேயே நிற்கும். கார்பன் சீட்போஸ்டில் கிரீஸ் போடாதீர்கள். குறைந்தபட்சம் எதுவரை உள்ளே போக வேண்டும் என்ற கோடு போஸ்டில் இருக்கும், ஃப்ரேமுக்கும் தனியாக ஒரு அளவு இருக்கலாம். எது அதிக ஆழமோ அதுவரை இறக்குங்கள். ஸ்டாண்டில் மாட்டும்போது ஃப்ரேமின் மேல்குழாயான டாப் டியூபைப் பிடிக்க வேண்டாம், சீட்போஸ்டைப் பிடியுங்கள். மெல்லிய டாப் டியூப் நசுங்கினால் விற்றவர் பொறுப்பில்லை.

பூட்டி முடித்து முதல் சில ரைடுகளுக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். விழுந்தாலோ பெரிய பள்ளத்தில் இடித்தாலோ அன்றே துடைத்துச் சோதியுங்கள். அலுமினியம் பெரும்பாலும் நசுங்கியோ வளைந்தோ காட்டிக்கொடுக்கும். கார்பன் மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்கு பிரிந்து நிற்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் சந்தேகப்படுங்கள். ஆனால் தட்டிப் பார்த்துச் சத்தம் சரியாக இருக்கிறது என்பதற்காகக் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்தச் சோதனைக்கு அவ்வளவு திறன் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்டெம்மைக் கழற்றிக் குழாயைப் பாருங்கள்.

டாப் டியூபிலோ சீட்ஸ்டேயிலோ (சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) விரிசல் என்றால் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், நன்றாகவே வரும். ஸ்டியரரில் விரிசல் என்றால் யார் சரிசெய்து தருவதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள், நானும் செய்வதில்லை. புது ஃபோர்க் வாங்குங்கள். அது வரும்வரை அந்த பைக்கைத் தெரு முனைவரைக்கும்கூட எடுக்க வேண்டாம்.