இலை காய்ந்த பிறகுதான் பூ

அமெரிக்காவின் ஐடஹோ, ஆரிகன், நெவாடா பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேஜ்பிரஷ் என்ற சாம்பல் நிறப் புதர்தான். அங்கே ஆண்டுக்குக் கிடைக்கும் நீர் சுமார் 200 முதல் 400 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு குளிர்காலத்தில் பனியாக விழுந்துவிடும். கோடை மழையை நம்ப முடியாது. மார்ச் வாக்கில் பனி கரைந்து மண்ணில் இறங்கும் ஈரம், ஜூன் முடிவதற்குள் மேல்மண்ணை விட்டுப் போய்விடும்.

சேஜ்பிரஷ் ஆழத்தில் வேர்விட்டுச் சமாளித்துக்கொள்கிறது. அதன் காலடியில் பூக்கும் செடிகள் என்ன செய்யும்? பல செடிகள் வேரையே உண்டியலாக வைத்திருக்கின்றன. சில மாத வெயிலில் தயாரித்த மாவுச்சத்தை அதில் போட்டுவிட்டு, கோடை வந்ததும் மேலே காய்ந்து, கீழே உறங்கிவிடும்.

மொன்டானாவின் மாநிலப் பூவான பிட்டர்ரூட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். பனி கரையும்போதே ஊசி போன்ற சதைப்பற்றான இலைகள் தரையோடு ஒட்டி வளர்ந்து, வேரை நிரப்பிவிடும். பூ விரியும் நேரத்தில் இலை வாடியிருக்கும். இளஞ்சிவப்புப் பூ, காம்பும் அதிகம் இல்லாமல், வெறும் சரளைக் கல்லிலிருந்தே முளைத்ததுபோல் இருக்கும்! அந்த வேர் எவ்வளவு கெட்டி என்பதற்கு ஒரு கதை உண்டு. 1806-இல் மெரிவெதர் லூயிஸ் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி பறித்து உலர்த்திக் கொண்டுவந்த செடியை ஃபிலடெல்ஃபியாவில் நட்டார்கள். அது மறுபடி துளிர்த்தது. சாலிஷ் பழங்குடியினர் பூப்பதற்கு முன்பே இந்த வேரைத் தோண்டி, தோலுரித்துச் சமைப்பார்கள். சேமிப்பு செலவாகும் முன் எடுத்துவிடுகிற கணக்கு அது.

பெயிண்ட்பிரஷ் செடியின் வழி வேறு. அதன் சிவப்பு நிறம் பெரும்பாலும் இதழில் இல்லை, பூவைச் சுற்றியுள்ள இலைகளில்தான். பச்சையம் இருந்தும், பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் செருகி நீரை உறிஞ்சிக்கொள்ளும். பல இடங்களில் மாட்டுவது சேஜ்பிரஷ்தான். பாதித் திருட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இவற்றுக்கு என்ன ஆபத்து? தீ என்று தோன்றும். ஆனால் மண்ணுக்குள் உறங்கும் வேரைத் தீ பெரும்பாலும் தொடுவதில்லை. மறுபடி துளிர்க்காமல் அழிவது சேஜ்பிரஷ்தான். அப்புறம் அங்கே பரவுவது யூரேசியாவிலிருந்து வந்த சீட்கிராஸ் புல். இலையுதிர் காலத்திலேயே முளைத்து, குளிர்காலத்தில் வேரை நீட்டி, மற்றவை விழிப்பதற்குள் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். கோடையில் காய்ந்து அடுத்த தீக்கும் அதுவே விறகு.