பையோடு வந்த குளிசைகள்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னொரு கால் எடுக்கப்பட்டது. அந்த ஐயாவுக்கு ஏற்கெனவே ஒரு கால்தான். மற்றது சண்டைக் காலத்தில் மிதிவெடியில் போனது. ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு வயல் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த மனிதர். மிதிவெடி விட்டுவைத்த காலைச் சீனி வருத்தம் கொண்டுபோய்விட்டது.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குச் சுடுமணலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். கொப்புளம் போட்டது அவருக்குத் தெரியவில்லை. நரம்பு மரத்த காலுக்குச் சூடு எங்கே தெரியும்! மணக்கத் தொடங்கிய பிறகுதான் மகள் கூட்டிவந்தார். கையில் ஒரு பை. அதற்குள் ஐந்து மாதமாக நாங்கள் கொடுத்த சீனிக் குளிசைகள், மெட்போமினும் கிளிக்லசைட்டும், கொடுத்த உறையோடு அப்படியே. மாதம் தவறாமல் வந்து, வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டுபோய் அடுக்கி வைத்திருக்கிறார்.

ஏன் ஐயா என்று கேட்டேன்.

"குளிசை குடிச்சால் கிட்னி பழுதாகும் எண்டு சொல்லுகினம், டொக்டர்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பிரஷர் ஏறுகிறது. கிட்னிக்குப் பயப்படுவதைப் பிழை சொல்ல மாட்டேன். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தை வாட்டுகிறது, வவுனியாப் பக்கமும் அது உண்டு. ஆனால் குளிசையோடு என்ன கோபம்? பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடம் குளிசை போட்டார், பிறகு டயாலிசிஸுக்குப் போனார், ஆகவே குளிசைதான் காரணம் என்கிறீர்கள். குடை பிடித்தவர் நனைந்தால் குடையா அவரை நனைத்தது? அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது கட்டுக்குள் வராத சீனியும் பிரஷரும். மெட்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் அளவைக் குறைப்போம், மிகவும் மோசமென்றால் நிறுத்துவோம். அந்த நிறுத்தலைப் பார்த்துத்தான் ஊரில் கதை கட்டுகிறார்கள். இதே ஆட்கள் நாரி நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி மிட்டாய் மாதிரிப் போடுவார்கள். கிட்னிக்கு ஆகாதது அதுதான்!

கோபம் ஆறிய பிறகு அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். சீனி ஏற ஏற நாங்களும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். விழுங்குகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. காலைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. ஒற்றைக் காலோடு வாழ்கிறவரின் காலைப் பார்க்காத கிளினிக்! வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் காலை வேளையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்று சமாதானம் சொல்லலாம். மகளிடம் எனக்கு அது வாயில் வரவில்லை.

கூட்டங்களில் என்னிடம் கேட்பதெல்லாம், அடுத்து என்ன கட்டடம், என்ன மெஷின் என்பதுதான். 2009இல் பள்ளிக்கூடங்களிலும் தறப்பாளுக்குக் கீழும் வைத்தியம் பார்த்த மண் இது, கட்டடத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். கிளிநொச்சியில் 2024இல் பெண்களுக்கென்று சிறப்புச் சிகிச்சை நிலையமே திறந்தார்கள். நல்லது. ஆனால் எங்களுடைய அடுத்த வருடத் திட்டத்தில் நான் முதலில் எழுதியிருப்பது, இருக்க ஒரு வாங்கும் கால் கழுவ ஒரு பேசினும். கிளினிக்குக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றி அதில் இருக்க, ஒரு தாதி காலைக் கழுவி, கண்ணை மூடச் சொல்லி, உணர்வு இருக்கிறதா என்று நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். செயற்கைக் கால் பார்ப்பவரும் உளநல உத்தியோகத்தரும் அதே நாளில் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு நாள் வேலையை விட்டு, இரண்டு தரம் பஸ்ஸுக்குக் கொடுக்க எல்லாரிடமும் இருக்கிறதா? பட்டறைகளில் "முழுமையான பராமரிப்பு" என்று சொல்வார்கள். எனக்கு அது இவ்வளவுதான்.

சரி, வாங்கு வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது. படுக்க முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். செயற்கைக் கால் போடுகிறவர்கள் அதைக் கழற்றி உள்ளே உரசும் இடத்தையும் பார்க்க வேண்டும். புண்ணில் கோப்பித்தூள் அப்பாதீர்கள். கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், மணல் சுட முதல் விடியவே போய் வாருங்கள். அம்மாள் கோபிக்க மாட்டா.

அப்புறம், வீட்டில் அடுக்கி வைத்த குளிசை இருந்தால் எறியாதீர்கள், ஒரேயடியாகக் குடிக்கவும் தொடங்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குடிக்காதது தெரியாமல் நாங்கள் கூட்டிக் கூட்டிக் கொப்பியில் எழுதிய அளவை நம்பி முழுதாகக் கொடுத்தால் சீனி திடீரென்று இறங்கி ஆள் மயங்கிவிடும். ஒருவரும் ஏச மாட்டார்கள். தாதி மிஸ்ஸி ஏசினால் நேரே என் அறைக்கு வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும்.