ரீமேக்: மறுவாக்கமா, மீளாக்கமா?

‘ரீமேக்’ என்ற சொல் நம்மிடையே திரைப்படங்களின் வழியாகவே பரவியது. ஒரு மொழியில் வெற்றி பெற்ற படத்தின் உரிமையை வாங்கி, வேறு நடிகர்களை வைத்து வேறு மொழியில் எடுப்பதைத்தான் தமிழில் பெரும்பாலும் அச்சொல்லால் குறிக்கிறோம். வீடியோ கேம்களைப் பற்றிய எழுத்தில் அதே சொல்லைக் காணும் வாசகர், இந்தப் பழகிய பொருளோடு படித்தால் தடுமாறுவார். அங்கே மொழி மாறுவது முதன்மையன்று. உரிமை கைமாறுவதும் அரிது. பெரும்பாலும் படைத்த நிறுவனமே தன் பழைய படைப்பை மற்றொரு கருவிக்காக அடியிலிருந்து மீண்டும் கட்டுகிறது. ஆகவே இச்சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுமுன், அது எந்தச் செயலைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சொல்லின் பிறப்பு எளியது. ‘மேக்’ என்பது ஆங்கிலத்தின் சொந்த வினை. செய், ஆக்கு என்று பொருள்படும். ‘ரீ’ இலத்தீன் முன்னொட்டு. இலத்தீனில் அதற்கு ‘மறுபடியும்’ என்ற பொருள் மட்டுமன்றி, ‘திரும்ப’, ‘பின்னோக்கி’ என்ற பொருளும் உண்டு. இந்த இரட்டைப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் சொல் தேர்வு இங்கேதான் இரண்டாகக் கிளைக்கிறது. ஜப்பானியரும் ஆங்கிலச் சொல்லைத் தம் ஒலிப்புக்கு ஏற்ப ‘ரிமேய்கு’ என்று எடுத்துக்கொண்டனர். பழைய கிமோனோவைப் பிரித்து வேறு உடையாகத் தைப்பதையும் அவர்கள் இதே சொல்லால் குறிக்கிறார்கள். துணி பழையது, தையல் புதிது என்னும் இந்த உவமை, விளையாட்டு ரீமேக்குக்குத் திரைப்பட உவமையைவிட நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

சொல்லின் எல்லைகளைக் காட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் மூன்றாம் பாகத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கொயர் நிறுவனம் 1990 ஏப்ரலில், நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக, ஜப்பானில் மட்டும் இதை வெளியிட்டது. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, அவரை வளர்த்து, கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு வகையை ஆர்பிஜி என்பார்கள். ‘பாத்திரமேற்பு விளையாட்டு’ என்று தமிழில் சொல்லலாம். அவ்வகையில் இது ஒரு திருப்புமுனை. மாந்தர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று தம் தொழிலை வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் முறை இந்த வரிசையில் இதிலேதான் வடிவம் பெற்றது. ஆயினும் ஜப்பானுக்கு வெளியே பதினாறு ஆண்டுகள் இது முறையாக விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1991இல் ‘இரண்டாம் பாகம்’ என்று விற்கப்பட்டது உண்மையில் நான்காம் பாகம். 1994இல் ‘மூன்றாம் பாகம்’ என்ற பெயரோடு வந்தது உண்மையில் ஆறாம் பாகம். பெயர் கடல் கடந்தது, விளையாட்டு கடக்கவில்லை.

விளையாட்டு நூலைப் போன்றதன்று. ஒரு நூலை எந்தத் தாளில் அச்சிட்டாலும் படிக்கலாம். ஒரு விளையாட்டோ குறிப்பிட்ட செயலியையும் நினைவகத்தையும் கணக்கிட்டு எழுதப்பட்ட நிரல். அந்தக் கருவி வழக்கொழியும்போது படைப்பும் அதனோடு முடங்கிவிடும். பண்டாய் நிறுவனத்தின் வொண்டர்ஸ்வான் கலர் என்னும் கையடக்கக் கருவிக்கு 2000 முதல் 2002 வரை முதலாம், இரண்டாம், நான்காம் பாகங்கள் புதுப்பிக்கப்பட்டு வந்தன. அதே கருவிக்கு அறிவிக்கப்பட்ட மூன்றாம் பாகம் மட்டும் வெளிவராமலே போயிற்று. இறுதியில் 2006 ஆகஸ்டில், இரு திரைகள் கொண்ட நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக, ஸ்கொயர் எனிக்ஸும் (எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்த பின் ஸ்கொயர் பெற்ற பெயர்) மேட்ரிக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனமும் சேர்ந்து அதை முப்பரிமாண வடிவில் முற்றிலும் புதிதாகக் கட்டி வெளியிட்டன. அதே ஆண்டு நவம்பரில் அது வட அமெரிக்காவுக்கும் வந்தது.

என்ன மாறியது என்று பார்த்தால் சொல்லின் பொருள் துலங்கும். ஃபாமிகாம் பதிப்பில் நாயகர் நால்வருக்கும் பெயரும் கிடையாது, தனித்த குணமும் கிடையாது. ஆடுபவரே பெயரிட வேண்டும். டிஎஸ் பதிப்பில் அவர்கள் லூனெத், ஆர்க், ரெஃபியா, இங்கஸ் என்ற பெயர்களையும் ஆளுக்கொரு பின்னணியையும் பெற்றனர். நால்வரும் ஒன்றாகத் தொடங்கிய பயணம், லூனெத் தனியாகக் குகைக்குள் விழுந்து, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சந்திப்பதாக மாறியது. தொழிலை மாற்றுவதற்குப் போரில் ஈட்டிய புள்ளிகளைச் செலவிட வேண்டியிருந்த முறை நீங்கி, மாற்றிய பின் சில போர்கள் வரை வலிமை குறைந்திருக்கும் முறை வந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் வாய்த்த ‘வெங்காய வீரன்’ என்னும் வேடிக்கைப் பெயர் கொண்ட தொழில், இங்கே மறைபொருளாயிற்று. அதை அடைய, அதே விளையாட்டை வைத்திருக்கும் உயிருள்ள நண்பருக்குக் கருவி வழியே மடல் அனுப்ப வேண்டியிருந்தது.

மாறாதது என்ன? நிலப்படம், படிகங்களின் கதை, இசையமைப்பாளர் நொபுவோ உவேமட்சுவின் மெட்டுகள், இறுதிக் கோட்டைக்குள் நுழைந்தபின் இடையில் எங்கும் சேமிக்கவே முடியாத அந்தக் கொடுமை. கடைசியாகச் சொன்னதைப் பலர் குறையாகக் கருதினர். பழையதன் முடிவுக்குக் கட்டுப்படுவதும் ரீமேக்கின் இயல்பு என்பதற்கு அதையே நான் சான்றாகக் காட்டுவேன்.

இனி இச்சொல்லின் உறவுச் சொற்கள். டிஎஸ் பதிப்பே 2011இல் ஐபோனுக்கும் பின்னர் ஆண்ட்ராய்டு, சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி, கணினி ஆகியவற்றுக்கும் சென்றது. கட்டியதையே வேறு தளத்தில் ஓடும்படி மாற்றுவது ‘போர்ட்’ எனப்படும்; சுமந்து செல்லுதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. பெயர்த்தல் என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தல் ஆதலால், மொழிபெயர்ப்பைப் போலத் ‘தளப்பெயர்ப்பு’ என்று இதைச் சொல்லலாம். ‘ரீமாஸ்டர்’ ஒலிப்பதிவுத் துறையின் சொல். மூல ஒலிநாடாவைத் துப்புரவாக்கி அதிலிருந்து புதிய படி எடுப்பதைக் குறித்தது. ‘மெருகேற்றப் பதிப்பு’ என்பது அதற்குப் போதும். ஆனால் விற்பனைப் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. இதே மூன்றாம் பாகம் 2021இல் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்ற பெயரில், ஃபாமிகாம் பதிப்பின் இருபரிமாணத் தோற்றத்தைப் பின்பற்றி வந்தது. அதன் ஓவியங்கள் புதிதாக வரையப்பட்டவை, இசை புதிதாக அமைக்கப்பட்டது, நிரலும் புதியது. பெயர் மெருகேற்றம் என்கிறது. செயலோ ரீமேக்குக்கு உரியது.

இந்த வேறுபாடுகளைப் பிரித்துப் பேசும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் முதல்நூலையும் வழிநூலையும் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி (தொகுத்தும் விரித்தும் சொல்லுதல்), மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் (மொழிபெயர்த்து நெறிப்பட இயற்றுதல்) என நான்காக வகுத்தது. பின்வந்த நன்னூல், முன்னோர் நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சொல்லி, மரபு அழியாமல் நிற்பதே வழிநூல் என்றது. படிகங்களின் கதையை மாற்றாமல் நால்வருக்குப் பெயர் தந்த அந்த 2006ஆம் ஆண்டுப் பதிப்பின் இலக்கணம் இதுவேயன்றோ? நம் திரைப்பட ரீமேக்குகளோ நான்காம் வகையான மொழிபெயர்த்து யாத்தலுக்கு அருகில் நிற்பவை. ‘வழியாக்கம்’ என்று ஒரு சொல்லைப் படைக்கவும் ஆசை எழுகிறது. ஆனால் வாசகர் அதை ‘ஒன்றின் வழியாக ஆக்குதல்’ என்று கொள்ளக்கூடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எஞ்சி நிற்பவை இரண்டு. ‘மறு’ என்னும் அடை, மறுநாள், மறுகரை என்பவற்றில் அடுத்ததையும் வேறானதையும் சுட்டும். மறுகூட்டல், மறுமதிப்பீடு என்பவற்றில் செய்த செயலையே திரும்பச் செய்வதைச் சுட்டும். ‘மீள்’ என்பதோ போனது திரும்பி வருவதைக் குறிக்கும் வினை. மீட்பும் மீட்சியும் அதன் கிளைகள். தமிழ்நாட்டில் ‘மறு’வும் இலங்கையில் ‘மீள்’ என்பதும் மிகுதியாக வழங்குவதால், இங்கே மறுஆய்வு எனப்படுவது அங்கே மீளாய்வு ஆகிறது. இலத்தீன் முன்னொட்டின் ‘மறுபடியும்’ என்ற பொருளை முன்னது ஏற்கிறது, ‘திரும்ப’ என்ற பொருளைப் பின்னது ஏற்கிறது. கருவியோடு முடங்கிய ஒரு படைப்பைத் திருப்பிக் கொண்டுவரும் செயலுக்கு ‘மீளாக்கம்’ என்பதே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். ‘மீளாத் துயர்’ என்பதில் வரும் எதிர்மறையை நினைத்துச் சிலர் தயங்கலாம்; மீள் + ஆக்கம் என்று பிரித்தால் அந்த ஐயம் நீங்கும். ‘மறு’வை விரும்புவோர் புணர்ச்சி விதிப்படி ‘மறுவாக்கம்’ என்று எழுத வேண்டும். ‘மறு ஆக்கம்’ என்று பிரித்து எழுதுவதும் குற்றமன்று.

‘கையடக்க மீளாக்கம்’ என்று சுருக்கி எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். கையடக்கப் பதிப்பு என்று நூல்களுக்குச் சொல்லிப் பழகியதால், அத்தொடர் மூலத்தைக் குறுக்கிய ஒன்றையே நினைவூட்டும். டிஎஸ் பதிப்போ மூலத்தைவிட விரிந்தது. ‘கையடக்கக் கருவிக்கான மீளாக்கம்’ என்று ஒரு சொல் கூட்டி எழுதினால், அடக்கம் கருவிக்கு உரியது, ஆக்கத்துக்கு உரியதன்று என்பது விளங்கிவிடும்.