பைபருக்கு அரசாங்கக் காசு: எந்தத் துண்டுக்குக் கொடுக்கலாம்?

இரவு எட்டு மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டு நின்றால் முதலில் ஏச்சு வாங்குவது ரவுட்டர்தான். நிப்பாட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய் வைப்பார்கள். 4ஜி ரவுட்டர் என்றால் கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. அந்த நேரத்தில் ஊரே ஒரு டவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் இரண்டு அன்ரெனாவும் உள்ள ஒரு செக்டர், அதாவது டவரின் ஒரு திசைப் பக்கம், ஏட்டுக் கணக்கில் 150 எம்பிபிஎஸ் தரும். அந்தத் திசையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கைபேசிக்கும் சேர்த்துத்தான் அந்த 150. தூரமும் தென்னந்தோப்பும் கொங்கிறீற் சுவரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் எல்லோரும் பகிர வேண்டும்.

“அப்ப பைபர் இழுங்கோவன்” என்பதுதான் அடுத்த பேச்சு. யார் காசில் என்று கேட்டால் பேச்சு அரசியலாகிவிடும். வலையமைப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, உள்ளே நாலு சாமான் இருக்கிறது: மண்ணுக்குள் குழாய், குழாய்க்குள் கண்ணாடி நார், இரண்டு முனையிலும் கருவிகள், கடைசியில் மாதாமாதம் பில் அனுப்பும் கொம்பனி. முதல் இரண்டுக்கும் அரசாங்கம் பணம் போட வேண்டும், மற்ற இரண்டுக்கும் போடக் கூடாது. இதுதான் எங்கள் வாதம்.

காரணம் மீற்றர் கணக்கில் இருக்கிறது. 10 கிலோமீற்றர் கேபிள் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளி போல நெருக்கமான பக்கத்தில் அதே நீளத்தில் ஆயிரம் வீடு கிடைத்தால், வீட்டுக்கு 10 மீற்றர். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வயலும் ஆறும் தாண்டி 60 வீடுதான் என்றால், வீட்டுக்கு 167 மீற்றர். வெட்டுக்கூலியும் குழாயும் ஒன்றே, மாதப் பில்லும் ஒன்றே. எந்தக் கொம்பனிக் கணக்காளரும் இரண்டாவதற்குக் கையெழுத்துப் போடமாட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

தூரம் இன்னொரு வழியிலும் காசு தின்னும். இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. வீட்டுப் பைபரில் அதிகம் ஓடுவது ஜிபொன் என்ற முறை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஒரு போர்ட் 2.488 ஜிபிபிஎஸ் இறக்கும். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்பார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் ஆளுக்கு 38 எம்பிபிஎஸ் வரும். ஆனால் ஸ்பிளிட்டர் வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. வழக்கமான கருவிக்கு மொத்தமாக இழக்கக்கூடிய ஒளி 28 டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு). ஒன்றுக்கு எட்டு ஸ்பிளிட்டர் ஒன்று 10.5 தின்னும், இரண்டு கட்டமாக வைத்தால் 21. நாரை ஒட்டிய இடம், அதாவது ஜொயின்ட், ஆறு, ஒன்றுக்கு 0.1 வீதம் 0.6. நாலு கனெக்டர், ஒன்றுக்கு 0.4 வீதம் 1.6. கேபிளில் ஒரு மீற்றர்கூட ஓடுமுன் 23.2 போய்விட்டது. மிச்சம் 4.8. அதில் 3 டெசிபெல்லைக் கையிருப்பாக விட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறை கேபிள் அறுந்து ஒட்டும்போதும் ஜொயின்ட் கூடும். மிஞ்சும் 1.8 டெசிபெல்லில், கிலோமீற்றருக்கு 0.35 வீதம், ஐந்து கிலோமீற்றர்தான் போகலாம்.

இதைத் தாண்டி இருக்கும் கிராமத்துக்கு இரண்டாவது ஸ்பிளிட்டரை ஒன்றுக்கு நாலாகக் குறைப்பார்கள். அது 7.2 தான் தின்னும். 3.3 டெசிபெல் மிச்சப்பட்டு இன்னும் ஒன்பது கிலோமீற்றர் எட்டும். ஆனால் அதே போர்ட்டில் இப்போது 32 வீடுதான். வெட்டுச் செலவு கூடிய இடத்திலேயே கருவிச் செலவும் இரட்டிப்பாகிறது. கையிருப்பை விட்டுக்கொடுத்து 64 வீடாகவே போட்டுக் காட்டும் ஒப்பந்தகாரரும் உண்டு. முதல் வருடம் வேலை செய்யும். இரண்டாவது மாரியில் வீட்டுப் பெட்டியில் சிவப்பு லைட் மின்னத் தொடங்கும்.

தூணா, குழியா என்பது அடுத்த பிரச்சினை. தூணில் தொங்கவிடுவது மலிவு, கெதியில் முடியும். கேரள அரசு 2023 ஜூனில் தொடக்கிய கேபொன் என்ற பைபர் வலையமைப்பு அங்குள்ள மின்சார வாரியத்தின் தூண்களில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. இலங்கையின் மின்சாரத் தூண்களிலும் அது செய்யக்கூடிய காரியமே. ஆனால் நிலாவெளி, குச்சவெளிக் கரையில் உப்புக் காற்று, கேபிளைத் தாங்கும் உருக்குக் கம்பியையும் கொளுவியையும் அரித்துவிடும். கந்தளாய், மொரவெவப் பக்கம் யானை தூணில் முதுகு சொறியும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு தென்னை சாய்ந்தால் இரண்டு தூணுக்கு நடுவிலுள்ள கேபிள் முழுக்கப் போகும். ஆகவே முதுகெலும்புக் கேபிளை மண்ணுக்குள்ளும், கிளைகளைத் தூணிலும் என்று பிரிப்பதே புத்தி.

மண்ணுக்குள் என்றால் ஒரு மீற்றர் ஆழம், 40 மில்லிமீற்றர் குழாய், அதற்கு ஓரடி மேலே எச்சரிக்கை நாடா. நாடாவை விட்டுவிட்டால் பெக்கோக்காரருக்குக் குழாய் தெரியப்போவது அதைக் கிழித்த பிறகுதான். கரை மணலில் குழியின் இரு பக்கமும் சரிந்து ஆழம் அரை மீற்றராகிவிடும். மேற்பார்வை இல்லாவிட்டால் அப்படியே மூடிவிடுவார்கள். நகரத்தில் பாறை குறுக்கிடும் இடத்தில் ஆழம் கிடைக்காது, அங்கே குழாயைச் சுற்றிக் கொங்கிறீற் போட வேண்டும். செலவில் பெரும் பங்கு இந்த மண்வேலைதான். 24 நார்க் கேபிளுக்கும் 96 நார்க் கேபிளுக்கும் உள்ள விலை வித்தியாசம் குழி வெட்டும் கூலிக்கு முன் ஒன்றுமில்லை. மூன்று கொம்பனி அதே வீதியை மூன்று தடவை வெட்டுவதைவிட, ஒரு தடவை வெட்டி 96 நார் போட்டு, எல்லோருக்கும் ஒரே விலையில் வாடகைக்கு விடுவது நாட்டுக்கு மலிவு. அரசாங்கக் காசு பொருந்தும் இடம் இதுதான்.

நியூசிலாந்து கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனது. பைபர் போடும் கொம்பனிகள் மொத்தமாக மட்டுமே விற்கலாம், வீட்டுக்காரருக்குச் சில்லறையாக விற்கக் கூடாது என்று நிபந்தனை. பழைய தொலைபேசிக் கொம்பனி 2011 இல் இரண்டாகப் பிரிந்தது. 2022 முடிவில் மக்கள்தொகையில் 87 சதவீதத்துக்குப் பைபர் எட்டியது. அவுஸ்திரேலியா 2009 இல் 90 சதவீத வீடுகளுக்குப் பைபர் என்று அறிவித்துவிட்டு, 2013 இல் அரசாங்கம் மாறியதும் செலவைக் குறைக்க வீதிவரை பைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பி என்று மாற்றியது. பிறகு அந்தச் செப்பை எடுத்துவிட்டுப் பைபர் போட 2020 இல் திரும்பவும் பணம் ஒதுக்கினார்கள். ஒரே வீதிக்கு இரண்டு செலவு. இந்தியா 2011 இல் இரண்டரை இலட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கப் புறப்பட்டது. கேபிள் போய்ச் சேர்ந்த பல பஞ்சாயத்துக் கட்டடங்களில் கரண்ட் இல்லை, கருவியைப் பார்க்க ஆளில்லை, அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க யாருக்கும் பொறுப்பில்லை. எத்தனை கிலோமீற்றர் போட்டார்கள் என்பதை எண்ணினார்களே ஒழிய எத்தனை கிலோமீற்றர் வேலை செய்கிறது என்பதை எண்ணவில்லை.

நம் நாட்டில் ஒரு சிக்கல் கூட. ஸ்ரீ லங்கா டெலிகொம்மில் 49.5 சதவீதம் திறைசேரியின் கையில். அரசாங்கமே பங்குதாரர், அரசாங்கமே தொலைத்தொடர்பு ஆணைக்குழு வழியாக நடுவர். இந்த நிலையில் பொதுக் காசை நேரே ஒரு கொம்பனியிடம் கொடுத்தால் மற்றக் கொம்பனிகளுக்கு வாடகை விலை எப்படி வரும் என்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. குழாயும் நாரும் தனிக் கணக்கில், தனிப் பெயரில் இருக்க வேண்டும், வாடகை விலை பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டும். 2022 இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு, 40, 50 வருடம் நிலைக்கும் குழாயில் காசைப் போடலாம். எட்டுப் பத்து வருடத்தில் பழசாகும் கருவியில் போடுவது வீண். கருவியைக் கொம்பனி வாங்கட்டும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் வந்த பிறகு, இனி மண்ணைக் கிண்டுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காட்டோரம் தனித்து நிற்கும் வீட்டுக்கோ சிறு விடுதிக்கோ அது நல்ல பதில்தான், அங்கே பைபரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அதுவும் டவரைப் போலப் பகிரும் அலைதான். ஊர் முழுக்க ஏறினால் இரவு எட்டு மணி அங்கேயும் வரும்.

திருகோணமலைக்குக் குறிப்பாக வேண்டியது இரண்டாவது பாதை. துறைமுகம் உலகப் புகழ் பெற்றது, ஆனால் வெளிநாட்டுக் கடலடிக் கேபிள்கள் ஏறுவது கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும். கொழும்பிலிருந்து இங்கே சுமார் 260 கிலோமீற்றர். வெளிச்சம் அந்தத் தூரத்தை 1.3 மில்லிசெக்கனில் கடந்துவிடும், ஆகவே தூரம் குற்றமில்லை. வழியில் ஒரு மதகு உடைந்தால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. தரையால் வெளியேற நாலு வழி இருக்கிறது: கந்தளாய் வழியாக ஏ6, ஹொரவப்பொத்தானை வழியாக ஏ12, மூதூர் வெருகல் வழியாக மட்டக்களப்புக்கு ஏ15, வடக்கே புல்மோட்டை தாண்டி முல்லைத்தீவுப் பக்கம். இவற்றில் இரண்டில் கேபிள் இருந்தால், ஒன்று அறுந்தாலும் மற்றதால் ஓடும் வளையம் என்று வரைபடத்தில் காட்டிவிடலாம். ஆனால் இரண்டும் நகரத்துக்குள் நுழையும் கடைசி சில கிலோமீற்றரில் ஒரே கான் ஓரமாக வந்தாலோ, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் ஒரே பக்கத்தில் தொங்கினாலோ, அது கடதாசி வளையம். ஒரு பெக்கோ போதும். சாதாரண கொம்பனிக் கணக்கில் இரண்டாவது பாதைக்கு வருமானம் இல்லை, வெள்ளம் வந்த அன்றைக்குத்தான் அதன் பெறுமதி தெரியும். பொதுக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

கொடுக்கும் காசுக்கு வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க ஓடிடிஆர் என்ற கருவி இருக்கிறது. நாருக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து எந்த மீற்றரில் எவ்வளவு இழப்பு என்று வரைந்து காட்டும். ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் அளந்த அறிக்கையை ஏற்கக் கூடாது. இரண்டு விதமான நார் சேரும் இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் கூடியதுபோலப் பொய் காட்டும். இரு பக்கமும் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மை வரும். 1310, 1550 நானோமீற்றர் என்ற இரண்டு அலைநீளத்திலும் அளக்க வேண்டும். 1310 இல் ஒழுங்காகத் தெரிந்து 1550 இல் மட்டும் இழப்புக் கூடினால், அந்த இடத்தில் கேபிள் எங்கேயோ மடிந்து நெரிகிறது. ஒவ்வொரு நாருக்கும் இந்த நாலு அளவும் கையில் வரும்வரை ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வைக்க வேண்டும்.

அதோடு வரைபடமும் வேண்டும். ஒவ்வொரு ஜொயின்ட் பெட்டியிலும் 10, 15 மீற்றர் கேபிளைச் சுருட்டி மிச்சம் விடுவது வழக்கம், அப்போதுதான் பெட்டியை மேலே தூக்கி வாகனத்துக்குள் வைத்து ஒட்டலாம். ஓடிடிஆர் 7,420 மீற்றரில் அறுந்திருக்கிறது என்று சொன்னால் அது நாரின் நீளம், வீதியின் நீளம் இல்லை. எங்கே எவ்வளவு சுருட்டியிருக்கிறது என்ற குறிப்பு இல்லாதவர் அறுந்த இடத்தை விட்டுப் பக்கத்து வளவு வாசலில் குழி தோண்டுவார். சுருள் விடாத இடத்தில் அறுந்தால் இரு முனையும் எட்டாது. புதுத் துண்டு வைத்து இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும்: 48 நார் என்றால் 96 ஒட்டு, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் எட்டு மணித்தியாலம். மழையில் கூடாரம் பிடித்துக்கொண்டு.

பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வைக்கலாம். உள்வீதிக்குக் காபட் போட விலைமனு கோரும்போதே, ஓரத்தில் இரண்டு வெற்றுக் குழாயும், சந்திக்குச் சந்தி மூடியுள்ள ஒரு குழியும் வேலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா? மண் ஏற்கெனவே கிண்டிக் கிடக்கும் அந்தக் கிழமையில் அதற்குக் குழாய் விலையும் இரண்டு ஆள் கூலியும் போதும். தார் காய்ந்த பிறகு அதே வேலைக்கு வீதி வெட்டும் அனுமதி, அனுமதிக் கட்டணம், திரும்ப ஒட்டுப்போடும் செலவு எல்லாம் ஏறும்.