விடுமுறை முடிந்த காலையில் காலியாக இருக்கும் ஒரு காலணித் தட்டு

ஜப்பானின் ஒரு சிறு நகரத்தில், நகராட்சி நடத்தும் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் துணை ஆங்கில ஆசிரியராக ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இங்குள்ள பள்ளி வாழ்க்கையில் நான் வியந்து கற்றுக்கொண்டவை ஏராளம். ஆயினும் கோடை விடுமுறையின் கடைசி வாரத்தைப் பற்றி, குறிப்பாகத் தம் பிள்ளைகளை ஜப்பானியப் பள்ளிகளில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு, சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் தோன்றுகிறது.

2015ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் அமைச்சரவை அலுவலகம் ஒரு கணக்கை வெளியிட்டது. 1972 முதல் 2013 வரையிலான 42 ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்ட, 18 வயதோ அதற்குக் குறைவோ உடைய 18,048 பேரின் இறப்பை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆண்டின் எல்லா நாள்களையும் விட செப்டம்பர் 1 அன்றே மிக அதிகமாக, 131 பிள்ளைகள் இறந்திருந்தனர். அதற்கு அடுத்த நிலையில் ஏப்ரல் 11, ஏப்ரல் 8 ஆகிய நாள்கள் இருந்தன. செப்டம்பர் 1 இரண்டாம் பருவம் தொடங்கும் நாள். ஏப்ரல் இரண்டாம் வாரமோ புதிய கல்வியாண்டு தொடங்கும் காலம். இப்போது பல ஊர்களில் ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே பள்ளி திறந்துவிடுகிறது. ஹொக்கைதோவில் அதற்கும் முன்பே திறக்கிறார்கள். ஆகவே நாட்காட்டியில் ஒரே ஒரு தேதியை மட்டும் வட்டமிட்டுக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளி திறக்கும் நாளுக்கு முன்னும் பின்னுமான நாள்களே கவனத்துக்கு உரியவை.

ஏன் இப்படி நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இங்கே பள்ளி எப்படி நடக்கிறது என்பதை அறிய வேண்டும். ஜப்பானியப் பள்ளியில் பிள்ளைகள் பாடம் மட்டும் படிப்பதில்லை. வெள்ளை மேலாடை அணிந்து தாங்களே மதிய உணவைப் பரிமாறி வகுப்பறையிலேயே ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். பிறகு துடைப்பமும் ஈரத்துணியுமாக வகுப்பறை, தாழ்வாரம், கழிப்பறை என அனைத்தையும் தூய்மை செய்கிறார்கள். இவை பெரும்பாலும் நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகவே நடக்கின்றன. தன் கையால் துடைத்த தரையில் எந்தப் பிள்ளையும் குப்பை போடுவதில்லை என்பதை நான் அன்றாடம் காண்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் ஒரு பிள்ளையிடம் மட்டும் மற்றவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டால், பாடம், உணவு, துப்புரவு என நாள் முழுவதும் அதற்கு ஒதுங்க இடம் இல்லை. இங்கே நான் கண்ட கொடுமைகளில் அடிதடி குறைவு; கண்டும் காணாததுபோல் கடந்து செல்வதே மிகுதி.

தமிழ்நாட்டில் பெரிய விடுமுறை கல்வியாண்டின் முடிவில் வருகிறது. ஜூனில் திரும்பும்போது புது வகுப்பு, புது ஆசிரியர், பல நேரம் புதுத் தோழர்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஏறத்தாழ 40 நாள் கோடை விடுமுறை ஆண்டின் நடுவில் விழுகிறது. ஜூலையில் எந்த வகுப்பையும் எந்தக் குழுவையும் விட்டுச் சென்றார்களோ, அதே வகுப்புக்கும் அதே குழுவுக்கும் திரும்ப வேண்டும். தீராத பிணக்கு தீராமல் அங்கேயே காத்திருக்கும். இந்த வேறுபாட்டை நானே மூன்றாம் ஆண்டில்தான் உணர்ந்தேன்.

தவிர, அந்த 40 நாள்களும் முழு ஓய்வு அல்ல. முதல் வகுப்புப் பிள்ளை பள்ளியில் தான் வளர்த்த அசகாவோ பூச்செடியைத் தொட்டியோடு வீட்டுக்குத் தூக்கிச் சென்று நாள்தோறும் நீரூற்றிக் குறிப்பெழுதும். பெரிய பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏடுகள், நூல் பற்றிய கட்டுரை, சுய ஆய்வு என வேலை நீளும். நடுநிலைப் பள்ளியிலோ புகாட்சு எனப்படும் விளையாட்டு, கலைக் குழுக்களின் பயிற்சி வெயிலிலும் நடக்கும். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாள்களில்தான் பெரும்பாலும் சற்று நிற்கும். குழுவுக்குள் துன்பப்படும் பிள்ளைக்கு விடுமுறை என்பதே இருப்பதில்லை.

பருவம் முடியும் நாளில் பிள்ளைகள் பள்ளிக்குள் மட்டும் அணியும் தங்கள் வெண்ணிறக் காலணியை, உவாபாக்கியை, துவைக்க வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். திறக்கும் நாளில் துணிப்பையில் கொண்டுவந்து அணிந்துகொண்டு, வெளிக்காலணியை வாசல் தட்டில் தம் பெயருக்கு உரிய இடத்தில் வைப்பார்கள். ஓர் ஆண்டு செப்டம்பர் 1 காலையில் அந்த வாசலில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்த பிறகு பார்த்தால், ஒரு தட்டில் எந்தக் காலணியும் இல்லை. அன்று பேரிடர்த் தடுப்பு நாள்; 1923ஆம் ஆண்டின் கந்தோ நிலநடுக்கத்தின் நினைவாக ஒத்திகை நடக்கும். மைதானத்தில் வரிசையாக அமரவைத்து எண்ணியபோது அந்த வகுப்பில் ஒருவர் குறைவு. வயிற்றுவலி என்று தாயார் தொலைபேசியில் தெரிவித்திருந்தார். ஆகஸ்டில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு வந்திருந்த அந்த மாணவி என்னிடம், “சென்செய், உங்கள் நாட்டில் பள்ளி எப்போது திறக்கும்?” என்று கேட்டிருந்தாள். ஜூனில் என்று சொல்லிவிட்டு உச்சரிப்பைத் திருத்தப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் நின்று கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

காலையில் மட்டும் வரும் தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் மாறுவது, தொடாத வீட்டுப்பாடம், விருப்பமான பொருளைக் காரணமின்றிப் பிறருக்குக் கொடுப்பது, பள்ளி பற்றிய பேச்சை மாற்றுவது ஆகியவை இந்த நாள்களில் கூர்ந்து பார்க்க வேண்டியவை. சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்கலாம், கேட்க வேண்டும். இலவசமாக இரவு பகலாக இயங்கும் கல்வி அமைச்சகத்தின் பிள்ளைகளுக்கான உதவி எண் 0120-0-78310. பெற்றோரும் அழைக்கலாம்.

தோக்கியோவின் நிஷிகசாய் போன்ற பகுதிகளில் வாழும் நம்மவர்களிடம், “ஒரு நாள்கூட லீவு போடக் கூடாது” என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. ஜப்பானிலும் அது நெடுநாள் இருந்ததுதான். ஆனால் 2016இல் நிறைவேறிய கல்வி வாய்ப்பு உறுதிச் சட்டம், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு ஓய்வு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையைக் கல்வி பெறச் செய்யும் கடமை ஜப்பானியப் பெற்றோருக்கு உண்டு. துன்புறும் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் விட வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. 2023ஆம் கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் நோய், வறுமை போன்றவை தவிர்த்த காரணங்களால் 30 நாள்களோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகள் 3,46,482 பேர். உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவரானால் அது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல.

மொழி தடையாக இருந்தால், வகுப்பாசிரியரிடம் ஹொகென்ஷிட்சு என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அது பள்ளியின் சுகாதார அறை. வகுப்புக்குள் நுழைய முடியாத பிள்ளை அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். எங்கள் பள்ளியில் அதற்கு மைதானத்தின் பக்கம் தனிக் கதவு உண்டு; காலணித் தட்டுகளைக் கடக்காமல், யார் கண்ணிலும் படாமல் வர முடியும். அந்த மாணவியின் வெண்காலணிகளை அக்டோபர் மாதத்தில் ஒரு காலையில் அந்தக் கதவுக்கு உள்ளே, சுவரோரமாக, சுகாதார ஆசிரியையின் காலணிக்குப் பக்கத்தில் பார்த்தேன்.