‘காக்கைக் கொலை’யும் களக்குறிப்பும்

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றுகிறது. ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்துக்குப் பெயர் ‘கொலை’யாம், ஆந்தைக் கூட்டத்துக்குப் ‘பாராளுமன்றம்’, புலிக் கூட்டத்துக்குப் ‘பதுங்கல்’. ரசிக்கலாம். விலங்கியல் என்று நம்பினால்தான் சிக்கல்.

பழைய பெயர்கள் பலவும் இங்கிலாந்து வேட்டைப் பிரபுக்களின் சொல்விளையாட்டு. 1486இல் அச்சான ‘செயின்ட் ஆல்பன்ஸ் நூல்’ என்ற வேட்டை நூலின் பட்டியலில் சிங்கம், கரடியோடு நீதிபதிகளுக்கும் கூட்டப்பெயர் உண்டு: ‘தண்டனை’. கன்னியாஸ்திரிகளுக்கு ‘மிகுதி’! ஆந்தைப் பாராளுமன்றம் அதில் இல்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

புலி தனித்து வாழும் விலங்கு. மூன்று நான்கு சேர்ந்து தென்பட்டால் பெரும்பாலும் தாயும் குட்டிகளும்தான். குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வயதுவரை தாயோடு இருக்கும். அதற்குள் பார்வைக்குத் தாயளவு வளர்ந்துவிடும். அதைப் ‘புலிக்கூட்டம்’ என்று பரப்பினால் ஊரே கலங்கும்.

உபயோகமான சொற்களும் உண்டு. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் தரையில் நின்றால் ஆங்கிலத்தில் ‘கேகிள்’, வரிசைகட்டிப் பறந்தால் ‘ஸ்கீன்’. நம்மிடமும் அப்படித்தான்: பகலில் மேயும் செம்மறி மந்தை, எருவுக்காக இரவில் வயலில் அடைத்தால் கிடை. ஒரே பிரசவத்துக் குட்டிகள் ஓர் ஈத்து. இவை விலங்கின் நிலையைச் சொல்கின்றன.

யானை விஷயத்தில்தான் கவனம் அதிகம் தேவை. குட்டிகளோடு போவது மூத்த பெண் யானையின் பின்னால் செல்லும் குடும்பம். ஆண்கள் பருவமடையும் வயதில் பிரிந்து தனியாகவோ, வேறு ஆண்களோடு சேர்ந்தோ திரியும். ஆகவே களக்குறிப்பில் ‘யானைக்கூட்டம்’ என்று மட்டும் எழுதாமல் பெரியவை எத்தனை, கொம்பன் உண்டா, குட்டி எத்தனை, நேரம், போன திசை என்று எழுதுங்கள். கொம்பில்லாததெல்லாம் பெண் அல்ல, மக்னாவாக, அதாவது கொம்பில்லாத ஆணாக இருக்கலாம்.

சாலையைக் கடக்கும்போது முதல் யானை இறங்கியதுமே எண்ணத் தொடங்கி, கடைசி யானை மறையும்வரை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கையில் விடுபடுவது பெரும்பாலும் குட்டிகள்தான். பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே நடப்பதால் தெரியாது. இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் நல்லது. உறுதியில்லையா? ‘குறைந்தது 7’ என்று எழுதுங்கள். ‘பெரிய கூட்டம்’ என்று சொன்னால் வனத்துறைக்காரர் எத்தனை பேரை எந்தப் பக்கம் அனுப்புவார்?